டிஷ்யூ பாக்கெட்டும் சர்வர் டிஸ்க்கும்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் நாம் உட்காரமாட்டோம். 'சோப்' பண்ணியாச்சு, அதாவது இடம் பிடித்தாச்சு, ஆள் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார். என் வேலையும் கிட்டத்தட்ட இப்படி மேசை பார்ப்பதுதான்.

சர்வரை நிறுத்தாமலே டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதை ஹாட்பிளக் என்பார்கள். லினக்ஸ் இயங்குதளத்தில், டிஸ்க் போன்றவற்றைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகளுக்கு இதற்கென்றே ஒரு டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், இருக்கிறது. டிஸ்க்கைச் செருகினால் அதற்கு இரண்டு சேதி வரும்: ஸ்லாட்டில் ஏதோ இருக்கிறது, இணைப்பு கிடைத்துவிட்டது. முதலாவது டிஷ்யூ, இரண்டாவது ஆள். எது முந்தும் என்று சொல்ல முடியாது. சில கருவிகளில் ஆள் உட்கார்ந்த பிறகுதான் டிஷ்யூவே வருகிறது!

இன்னொரு சிக்கல், சேதிக்காக ஸ்லாட் ஏற்றுகிற கொடி 'மாறிவிட்டது' என்று மட்டும்தான் சொல்லும். வந்ததா போனதா என்பதை டிரைவர்தான் போய்ப் பார்க்க வேண்டும். பழைய டிரைவர் ஒவ்வொரு சேதியையும் தனி வேலையாக வரிசையில் போட்டது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், நள்ளிரவில், பழுதான டிஸ்க்கை உருவி உடனே புதியதைச் செருகினோம். விளக்கு எரிகிறது, சர்வருக்கோ டிஸ்க்கே தெரியவில்லை. பதிவைப் பார்த்தால் 'வந்தது', அதற்கு அப்புறம் 'போனது'. நடந்தது தலைகீழ்.

2018இல், லினக்ஸ் 4.19இல், இதைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். இப்போது எந்த மாற்றம் வந்தாலும், ஓடிக்கொண்டிருந்ததை டிரைவர் முதலில் அணைத்துவிடும். பிறகு இந்த நொடியில் ஸ்லாட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும். டிஷ்யூவோ ஆளோ, ஒன்று இருந்தால் போதும், மறுபடி இயக்கும். எது முதலில் வந்தது என்ற வழக்கே எழாது. எனக்குப் பிடித்த திருத்தம் இது.

ஆனால் மணிச் சிக்கல் மிச்சமிருந்தது. கொடி ஏறியதும் டிரைவரைக் கூப்பிடும் மணிக்குக் குறுக்கீடு என்று பெயர். அதில் எம்எஸ்ஐ என்ற வகை ஒருமுறைதான் மணியடிக்கும். கொடிகளைப் படித்து அழிப்பதற்குள் புதிய கொடி ஏறினால் அடுத்த மணி அடிக்காமலே போகலாம். அதனால் அழித்த பின்பும், எதுவும் மிஞ்சவில்லை என்று தெரியும்வரை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அது 2020இல் சேர்ந்தது.

சில ஸ்லாட்டுகளில், ஸ்லாட்டை அணைக்கவோ இயக்கவோ பொத்தானும் உண்டு. அமுக்கினால் விளக்கு 5 நொடி சிமிட்டும், அதற்குள் மனம் மாறினால் மறுபடி அமுக்கி ரத்து செய்யலாம். இடையில் யாராவது டிஸ்க்கையே உருவிவிட்டால், அந்தக் காத்திருப்பையும் டிரைவர் கைவிட வேண்டும். லிப்டில் கதவு மூடும் பொத்தானையே விடாமல் அமுக்குகிற ஊர் நம்முடையது. அந்த 5 நொடியும் காத்திருந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.