டோரிஸுக்காகவே பார்க்கலாம்: 'லுக்கிங்' இரண்டாவது சீசன்

வணக்கம் மக்களே. குரல் கரகரப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நேற்று ராத்திரி மூன்று மணி வரை தூங்கவில்லை. 'லுக்கிங்' இரண்டாவது சீசனை முடித்துவிட்டேன். சான் பிரான்சிஸ்கோ, பேட்ரிக், டாம், அகஸ்டின் என்று மூன்று கே (தன்பாலீர்ப்புள்ள) நண்பர்கள், அமெரிக்க டி.வி. சேனல் எச்.பி.ஓ. என்று போன வீடியோவிலேயே அரை மணி நேரம் அறுத்தாயிற்று, அதனால் கதைச் சுருக்கம் கிடையாது. முடிவையும் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

முதலில் என் சோகக் கதை. சப்டைட்டில் நாலு விநாடி முந்தி ஓடியது. ஜோக்கைப் படித்து நான் சிரித்து முடித்த பிறகுதான் அவர்கள் வாயைத் திறக்கிறார்கள். காசு கட்டித்தானே பார்க்கிறேன்! புகார் போட்டால், ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று பதில். ஏற்றினேன், இரண்டு தடவை. ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் லேப்டாப்பில் திறந்தால், சப்டைட்டிலைத் தள்ளிவைக்க ஒரு மூலையில் குட்டியாக ஒரு பொத்தான். அரை அரை விநாடியாக எட்டு தடவை அழுத்தினேன், உதடும் எழுத்தும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆளில்லாத அறையில் எழுந்து நின்று கை தட்டினேன், சத்தியமாக.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது ஹாலோவீன் எபிசோடு. பேட்ரிக் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் நாயகன் கார்டன் ஃப்ரீமேன் வேடம் போடுகிறான். விளையாடியவர்களுக்குத் தெரியும், அந்த ஃப்ரீமேன் வாயே திறக்க மாட்டான். அந்த வேடத்தில் நின்றுகொண்டு இவன் குடித்துவிட்டு ஒரு பேச்சுப் பேசுகிறான் பாருங்கள், தன் பார்ட்டிக்கு வந்தவர்களையே வரிசையாகப் புண்படுத்துகிறான். நான் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன்.

அதைவிட ஏழாவது எபிசோடு. டாமின் உயிர்த் தோழி டோரிஸின் அப்பா இறந்துவிட, டாமும் பேட்ரிக்கும் அவளோடு மொடெஸ்டோ போகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பகட்டு எதுவும் இல்லாத ஊர். டாமுக்கும் அதுதான் சொந்த ஊர், அவன் அப்பாவும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். தான் யார் என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லாமலே விட்டவன், டோரிஸ் வீட்டுத் துக்கத்துக்கு வந்த இடத்தில் தன் அப்பாவின் கல்லறையைத் தேடுகிறான். டோரிஸாக லாரன் வீட்மன் என்ன நடிப்பு! ஒரு பக்கம் கிண்டல், மறு பக்கம் கண்ணீர், இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் இல்லை.

ஐயோ, அகஸ்டினின் புதுக் காதலன் எடியைச் சொல்லவே இல்லையே! நடித்திருப்பது டேனியல் ஃபிரான்சீஸ், நல்ல பருமனான, தாடிக்காரத் தங்கம். வீடில்லாத திருநர் இளைஞர்களுக்கான காப்பகத்தில் வேலை, எச்.ஐ.வி. இருக்கிறது, அதற்காக யாரும் அவனைப் பார்த்து அழுவதில்லை, அவனும் அழுவதில்லை. முதல் சீசனில் நான் திட்டித் தீர்த்த அகஸ்டினையே மனிதனாக்கிவிட்டான்.

பேட்ரிக்கின் காதலன் கெவினைப் போன தடவை நான் புகழ்ந்ததை வாபஸ் வாங்குகிறேன். ஆமாம், அந்த பிரிட்டிஷ் இங்கிலீஷ் உச்சரிப்பில் மயங்கிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். புது வீட்டில் குடியேறிய அன்றைக்கே அவன் போனில் கிரைண்டர், அதாவது கே ஆண்கள் ஜோடி தேடும் ஆப். ஒருவனோடு மட்டும் வாழ முடியுமா என்ற பேச்சை வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே பேசக் கூடாதா? பெட்டிகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லையடா!

கடைசியில் பேட்ரிக் தன் முன்னாள் காதலன் ரிச்சியின் முடிதிருத்தும் கடைக்குப் போய் உட்காருகிறான். அவ்வளவுதான். அந்த எபிசோடு வந்தது 2015 மார்ச் 22, தொடரை நிறுத்துவதாக எச்.பி.ஓ. அறிவித்தது மார்ச் 25. மூன்றே நாள்! பத்து வருஷம் கழித்து எனக்குக் கோபம் வருகிறது, சிரிக்காதீர்கள். 2016இல் ஒரு படமாக எடுத்து முடித்துவைத்தார்கள், அது அடுத்த வாரம். எட்டு தடவை அழுத்த வேண்டிய அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.