பாலத்தில் கால் வைக்கிறவன்

வணக்கம் நேயர்களே. தனிமனித சுதந்திரம் என்றதுமே நம் நினைப்பு சட்டம், போலீஸ், சிறை என்றுதான் ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்று நினைத்து நினைத்தே மனிதன் ஒடுங்கிப்போகிறானே, அந்தக் கவலை. சர்க்காரின் கை எட்டாத இடத்துக்கெல்லாம் ஊர்வாய் எட்டும், மனசுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார் அவர்.

இதை அவர் அனுபவித்தவர். ஹாரியட் டெய்லர் என்ற திருமணமான பெண்ணோடு ஏறக்குறைய இருபது வருஷ நட்பு. லண்டன் வம்புக்குக் கேட்க வேண்டுமா! ஹாரியட்டின் கணவர் இறந்தபிறகு, 1851-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். மனைவியின் சொத்துமீது கணவனுக்கு அன்றைய சட்டம் கொடுத்த உரிமைகள் எனக்கு வேண்டாம் என்று மில் தன் கைப்பட எழுதி வைத்தார். 1858-இல் ஹாரியட் காலமானார். அடுத்த வருஷம் வந்த ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூல் ஹாரியட்டுக்கே காணிக்கை.

அந்த நூலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு பாலம். இதை யாரிடம் பேசினாலும் சொல்லிவிடுவேன், நீங்களும் கேட்டுத்தான் ஆக வேண்டும்! இடிந்து விழப்போகிற பாலம். ஒருவன் அதில் கால் வைக்கப் போகிறான். கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை. பிடித்து இழுக்கலாமா? தாராளமாக இழுக்கலாம் என்கிறார் மில். ஆற்றில் விழ வேண்டும் என்பது அவன் விருப்பம் இல்லையே. ஆகவே அவன் சுதந்திரத்துக்குக் குறைவொன்றும் வந்துவிடாது.

சரி, பாலம் விழும் என்பது நிச்சயமில்லை. விழலாம், விழாமலும் போகலாம். அவன் விவரம் தெரிந்தவன், நிதானத்தில் இருக்கிறான். அக்கரையில் அவனுக்கு என்ன அவசரமோ, நமக்குத் தெரியாது. அப்போது எச்சரிக்கலாம், அவ்வளவுதான். வாதாடலாம், புத்தி சொல்லலாம், கெஞ்சக்கூடச் செய்யலாம். கையைப் பிடித்து நிறுத்தக் கூடாது. குழந்தையாக இருந்தால் பேச்சே வேறு, அதையும் அவர் சொல்லியிருக்கிறார்.

கவனியுங்கள், ‘எவன் எப்படிப் போனால் நமக்கென்ன’ என்று அவர் சொல்லவே இல்லை. கெஞ்சு என்கிறார்! கட்டாயப்படுத்தாதே என்கிறார். அவனால் பிறருக்குத் தீங்கு வந்தால்தான் தடுக்கும் உரிமை நமக்கு வரும். ‘உன் நன்மைக்குத்தான்’ என்பது அதற்குப் போதாது. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சுக்கும் இதே கணக்குத்தான். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் விட்டுவிட வேண்டும். அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில், கொதித்து நிற்கும் கூட்டத்துக்கு முன்னால் முழங்கினால் தண்டிக்கலாம். கருத்து அதேதான், சொன்ன இடம் வேறு, விளைவு வேறு. உலகமே ஒரு பக்கம், ஒருவன் மட்டும் மறுபக்கம் என்றாலும் அவன் வாயை அடைக்க உலகத்துக்கு உரிமையில்லை என்பவர், வாசலில் நிற்கும் கூட்டத்தையும் மறக்கவில்லை பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், பாலத்திலேயே நேரம் போய்விட்டது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த மனிதர் 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். விவாதத்தால் முன்னேறும் நிலைக்கு வராத சமூகங்களை, அவற்றின் முன்னேற்றத்துக்காக என்றால், எதேச்சாதிகாரமாகவே ஆளலாம் என்று இதே நூலின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். தனிமனிதனிடம் சொல்லக் கூடாத ‘உன் நன்மைக்குத்தான்’ என்பதை ஒரு நாட்டையே பார்த்துச் சொல்லலாமாம்! அந்த நாடு இன்னும் பக்குவப்படவில்லை என்று தீர்ப்புச் சொல்வது யார், ஆளுகிறவனேவா? இதற்கு அவரிடம் சரியான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விரிவாகப் பேச வேண்டிய விஷயம், இப்போது நேரமில்லை. வணக்கம்.