7 வருஷ சிஸ்டம்: போர்டை மாத்தவா, கார்டை மாத்தவா?

சரி, அடுத்த சந்தேகம். ஒரு தம்பி கேட்டிருக்காரு, அப்படியே படிக்கிறேன். “அண்ணா, என்கிட்ட ரைசன் 5 2600 பிராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு இருக்கு. வாங்கி 7 வருஷம் ஆகுது. புது கேம் எல்லாம் திக்கித் திக்கி ஓடுது. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ரெண்டையும் ஒரேயடியா மாத்திடவா, இல்ல ஒண்ணொண்ணா மாத்தவா? எதை முதல்ல மாத்தணும்?”

தம்பி, அந்த “7 வருஷம்”ங்கிறதை முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. மதர்போர்டு மாத்திரை அட்டை கிடையாது, பின்னாடி காலாவதி தேதி போட்டு வர்றதுக்கு. பழசாயிடுச்சுன்னு ஒரே காரணத்துக்காகப் போர்டை மாத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க. மாத்தி முடிச்சதும் கேம் அதே எஃப்பிஎஸ்தான் (செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கிற கணக்கு) காட்டும். ஏன்னா போர்டு எதையும் கணக்குப் போடுறது இல்ல. கணக்குப் போடுறது சிபியுவும் (பிராசஸர்) ஜிபியுவும் (கிராபிக்ஸ் கார்டோட சிப்). போர்டு அவங்க ரெண்டு பேரும் உட்கார்ற திண்ணை, அவ்வளவுதான். நீங்க உட்கார வைக்க நினைக்கிற ஆளுக்குத் திண்ணையில இடம் இல்லன்னாலோ, திண்ணையே இடிஞ்சு விழுந்தாலோ மட்டும் மாத்துங்க.

அதனால முதல் வேலை, யாரு யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு பார்க்கிறது. இதுக்கு எந்தச் செலவும் இல்ல. நீங்க வழக்கமா ஆடுற கேமைத் திறங்க. எஃப்பிஎஸ் எவ்வளவு வருதுன்னு குறிச்சுக்கோங்க. இப்ப செட்டிங்ஸ்ல போய் ரெசல்யூஷனை மட்டும் குறைங்க, 1080பி-யில இருந்து 720பி-க்கு. மத்த எதையும் தொடாதீங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறிச்சுன்னா, கார்டுதான் மூச்சு வாங்கிக்கிட்டு இருந்திருக்கு, சுமையைக் குறைச்சதும் ஓடுது. எஃப்பிஎஸ் அசையவே இல்லன்னா, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கு, சிபியு கொடுக்கிற வேலைக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. அந்த நேரத்துல நீங்க எவ்வளவு பெரிய கார்டு வாங்கிப் போட்டாலும் அதுவும் சேர்ந்து காத்துக்கிட்டுதான் இருக்கும். ஆனா ஒண்ணு, எஃப்பிஎஸ் லிமிட், வி-சின்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோட கட்டி வைக்கிறது) இதெல்லாம் ஆஃப்ல இருக்கணும். இல்லன்னா 60-லயே நின்னுக்கிட்டு உங்களை ஏமாத்தும்.

இங்க எல்லாரும் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. டாஸ்க் மேனேஜரைப் பார்த்துட்டு, “சிபியு 40 சதவீதம்தான் ஓடுது, அப்ப சிபியு பிரச்சனை இல்ல”ன்னு சொல்வாங்க. அப்படி இல்லங்க. உங்க 2600-ல 6 கோர், 12 திரெட், அதாவது ஒரே நேரத்துல 12 வேலை வரிசை ஓடும். அந்த 40 சதவீதம் 12 திரெட்டோட சராசரி. ஒரே ஒரு திரெட் மட்டும் முழுசா முட்டிக்கிட்டு நின்னா மொத்தக் கணக்குல 8 சதவீதமாத்தான் தெரியும். நிறைய கேம்ல முக்கியமான வேலையை ஒண்ணு ரெண்டு திரெட்தான் சுமக்குது. அதனால சிபியு சதவீதத்தைப் பார்க்காதீங்க, ஜிபியு சதவீதத்தைப் பாருங்க. அது 95-க்கு மேலயே நின்னா கார்டு முழுசா உழைக்குது. கேம் திணறும்போது அது 60, 70-ன்னு இறங்கிக் கிடந்தா குறை வேற எங்கயோ இருக்கு.

வேற எங்கயோன்னா சிபியுவாத்தான் இருக்கணும்னு இல்ல. என் கதையையே சொல்றேன். சில வருஷம் முன்னாடி எனக்கும் இதே திக்கல். கார்டுதான் காரணம்னு முடிவு பண்ணி புது கார்டு வாங்கி மாட்டினேன். திக்கல் அப்படியே இருந்தது. கேபினட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, ரெண்டு ரேமும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்ல, முதலாவதுலயும் ரெண்டாவதுலயும் உட்கார்ந்திருக்கு. மாட்டினது நானேதான். நாலு ஸ்லாட் இருக்கிற போர்டுல ரெண்டு ரேம்னா, சிபியு பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். பெரும்பாலான போர்டுல இதுதான் கணக்கு. அப்பதான் டூயல் சேனல்ல, அதாவது ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல சேர்ந்து ஓடும். சரின்னு மாத்திப் போட்டு டாஸ்க் மேனேஜர்ல மெமரி ஸ்பீடைப் பார்த்தா 2133 காட்டுது, நான் வாங்கினது 3200 ரேம்! பயாஸ்ல (போர்டோட சொந்த செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி-யை (ரேமை அதோட முழு ஸ்பீடுல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணவே இல்ல. பழைய ரைசன் எல்லாம் ரேம் ஸ்பீடை ரொம்ப எதிர்பார்க்கும். ரெண்டையும் சரி பண்ணினதும் திக்கல் போயிடுச்சு. புது கார்டு வாங்கினதுக்கு வீட்ல என்ன பதில் சொன்னேன்னு மட்டும் கேட்காதீங்க.

அதனால தம்பி, முதல்ல ரேம் எந்த ஸ்லாட்ல இருக்கு, என்ன ஸ்பீடுல ஓடுதுன்னு பாருங்க. கேம் ஹார்ட் டிஸ்க்ல இருந்தா எஸ்எஸ்டி-க்கு மாத்துங்க. கார்டு ஃபேன்ல 7 வருஷத் தூசி இருக்கும், அதைச் சுத்தம் பண்ணுங்க. மானிட்டர் கேபிள் கார்டுல சொருகியிருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க. சிரிக்காதீங்க, கிராபிக்ஸ் உள்ள சிபியு வச்சிருக்கவங்கள்ல போர்டு போர்ட்ல கேபிளைச் சொருகி வருஷக்கணக்கா ஓட்டினவங்க இருக்காங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் திக்குதுன்னா, இப்ப கார்டைப் பத்திப் பேசலாம். உங்க விஷயத்துல கார்டு மாத்துற நேரம் வந்துடுச்சுன்னுதான் நான் சொல்வேன். காரணம் வேகம் மட்டும் இல்ல. ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016-ல. அந்த 10 சீரிஸ் கார்டுகளுக்குப் புது கேமுக்கான டிரைவர் கொடுக்கிறதை என்விடியா 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க. இனிமே பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான், அதுவும் 2028 அக்டோபர் வரைக்கும். இன்னொண்ணு, ரே டிரேசிங் (வெளிச்சத்தை நிஜம் மாதிரி கணக்குப் போடுற முறை) வசதி கார்டுலயே இருந்தாத்தான் ஓடுவேன்னு அடம் பிடிக்கிற கேம் எல்லாம் வர ஆரம்பிச்சாச்சு. அங்க செட்டிங்ஸைக் குறைச்சாலும் வேலைக்கு ஆகாது, கேம் திறக்கவே திறக்காது. எஃப்பிஎஸ் குறையுறதை ஒரு வருஷம் பொறுத்துக்கலாம். திறக்காத கேமை என்ன பண்றது?

மூணாவது காரணம் வி-ரேம், அதாவது கார்டோட சொந்த மெமரி. கேம்ல சட்டுனு திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டும், சுவரெல்லாம் களிமண் அப்பின மாதிரி மங்கலாத் தெரிஞ்சு, ரெண்டு செகண்ட் கழிச்சுத் தெளிவாகும். டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்துல டெடிகேட்டட் மெமரி நிரம்பி, ஷேர்டு மெமரி ஏறிக்கிட்டு இருக்கும். அப்படின்னா கார்டோட வி-ரேம் போதாம சிஸ்டம் ரேமைக் கடன் வாங்குதுன்னு அர்த்தம். டெக்ஸ்சரை ஒரு படி குறைச்சுப் பாருங்க. வெட்டு நின்னுட்டா காரணம் அதுதான்.

இப்ப உங்க கேள்வியோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். புது கார்டுக்குப் பழைய போர்டு தாங்குமா? பி450-ல கார்டு சொருகுற ஸ்லாட் பிசிஐஇ 3.0 தலைமுறை. புது கார்டு எல்லாம் 4.0, 5.0. மாட்டினா ஓடும், அதுல பிரச்சனையே இல்ல. ஆனா கார்டோட லேன் (தகவல் போற பாதை) எத்தனைன்னு பார்க்கணும். முழுசா 16 லேன் எடுக்கிற கார்டா இருந்தா 3.0-ல இழப்பு கொஞ்சம்தான், கவலையே படாதீங்க. பட்ஜெட் கார்டுகள்ல நிறைய 8 லேன்தான் வருது. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600 எல்லாமே 8 லேன். 2022-ல வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு வெறும் 4 லேன், 4 ஜிபி. 3.0 போர்டுல அது படுத்தே போயிடும், அந்தப் பக்கமே போகாதீங்க.

8 லேன் கார்டு 3.0 போர்டுல என்ன ஆகும்னா, வி-ரேம் நிரம்பாத வரைக்கும் ஒண்ணும் பெருசாத் தெரியாது. நிரம்பினதும்தான் வினை. 4060-ஐயே எடுத்துக்கோங்க. அதோட சொந்த மெமரி செகண்டுக்கு 272 ஜிபி வேகத்துல பேசும். மெமரி நிரம்பி சிஸ்டம் ரேமுக்குப் போகணும்னா 3.0-ல 8 லேன், செகண்டுக்கு 8 ஜிபி கூட முழுசா வராது. 30 மடங்குக்கு மேல மெதுவான சந்து அது. புது போர்டுல இருந்தா அந்தச் சந்து ரெண்டு மடங்கு அகலமா இருக்கும், அதுவும் சந்துதான். அதனால உங்க போர்டுக்கு 8 ஜிபி கார்டை விட 12 ஜிபி, 16 ஜிபி கார்டுதான் சரி. மெமரி தாராளமா இருந்தா சந்துக்குள்ள போற வேலையே வராது. போர்டு மாத்துற காசைத் தூக்கி வி-ரேம்ல போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

பவர் சப்ளையை மறந்துடாதீங்க. 1060 குடிக்கிறது 120 வாட்ஸ், பெரும்பாலும் ஒரே ஒரு 6 பின் கேபிள். புது கார்டு பெரும்பாலும் 8 பின் கேட்கும். வாட்ஸ் எவ்வளவுன்னு கார்டு பெட்டியிலயே போட்டிருப்பாங்க. பவர் சப்ளைக்கும் 7 வருஷம் ஆயிருந்தா, போர்டைப் பத்தி யோசிக்கிற நேரத்துல அதைப் பத்தி யோசிங்க. ஸ்கேல் எடுத்து கேபினட்ல இடம் எவ்வளவு இருக்குன்னும் அளந்துக்கோங்க.

இப்ப போர்டு. உங்களுக்கு அதிர்ஷ்டம், ஏஎம்4 சாக்கெட் (சிபியு உட்கார்ற இடம்). 2600 இருக்கிற அதே இடத்துல, பயாஸ் அப்டேட் பண்ணிட்டு ரைசன் 5 5600, 5700எக்ஸ், அதுக்கும் மேல 96 எம்பி கேஷ் (சிபியுவுக்குள்ளயே இருக்கிற மெமரி) இருக்கிற எக்ஸ்3டி சிபியு வரைக்கும் போடலாம். போர்டு தயாரிச்ச கம்பெனியோட தளத்துல உங்க மாடல் பேரைப் போட்டா சிபியு சப்போர்ட் பட்டியல் வரும், எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து எந்த சிபியு ஓடும்னு அதுல இருக்கும். பயாஸை முதல்ல பழைய சிபியுவை வச்சே அப்டேட் பண்ணிடுங்க, அப்புறம்தான் சிபியுவைக் கழட்டணும். கார்டு மாத்தின பிறகும் ரெசல்யூஷன் சோதனையில சிபியுதான் பிரச்சனைன்னு தெரிஞ்சா இதைப் பண்ணுங்க. அதே போர்டு, அதே ரேம்.

போர்டையே மாத்துறேன்னு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனா டிடிஆர்5 ரேம் மட்டும்தான் ஏறும். உங்க டிடிஆர்4 ரேமைத் திணிச்சாலும் உள்ள போகாது, நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும். ஆக போர்டு, சிபியு, ரேம் மூணும் சேர்ந்து ஒரு செலவு. அதுலயும் 2025 கடைசியில ரேம் விலை எப்படி ஏறிச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இன்டெல் வச்சிருக்கவங்களும் இதைக் கேட்டுக்கிட்டு இருப்பீங்க. உங்க கதை வேற. 2017-ல 8-வது ஜெனரேஷன் வந்தப்ப சாக்கெட் பேரு அதே 1151, ஆனா பழைய போர்டுல ஓடல. அப்புறம் 1200, 1700, 1851-ன்னு மாறிக்கிட்டே வந்துடுச்சு. உங்க போர்டு ஏத்துக்கிற கடைசி சிபியு ஏற்கெனவே உங்ககிட்ட இருந்தா, அதுவும் போதலன்னா, அப்ப போர்டு மாத்துறது நியாயம். டிடிஆர்3 ரேம்ல இன்னும் ஓட்டுறவங்களுக்கும் நியாயம். விண்டோஸ் 11 ஏறாதவங்களுக்கும் நியாயம், ஏன்னா விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு. ஆனா டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதி) இல்லன்னு வந்த உடனே போர்டை மாத்தாதீங்க. பயாஸ்ல ஆஃப்ல இருக்கும், அங்க போய் ஆன் பண்ணினா சரியாயிடும். இன்டெல்லா இருந்தா பிடிடி, ஏஎம்டியா இருந்தா எஃப்டிபிஎம்-னு இருக்கும். தம்பியோட 2600 விண்டோஸ் 11 பட்டியல்லயே இருக்கு.

போர்டு நிஜமாவே சாகுதுன்னா எப்படித் தெரியும்? கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கும், ரேம் ஸ்லாட் ஒண்ணு வேலை செய்யாது, யுஎஸ்பி ஒவ்வொண்ணா போகும், காரணமே இல்லாம ரீஸ்டார்ட் ஆகும். ஆனா நேரமும் தேதியும் தினமும் பழசுக்குப் போகுதுன்னு போர்டை மாத்தப் போயிடாதீங்க. அது சிஆர்2032-ங்கிற காசு மாதிரி பேட்டரி, அதைக் கழட்டிப் புதுசு போட்டா முடிஞ்சுது.

தம்பி, சிபியு மாத்துற நாள்ல ரெண்டு விஷயம். ஒண்ணு, கூலரைச் சட்டுனு மேல இழுக்காதீங்க. ஏஎம்4-ல பின் எல்லாம் சிபியுவுலதான் இருக்கு. நடுவுல இருக்கிற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு ஒட்டிக்கிட்டு, கூலரோட சிபியுவும் பிடுங்கிக்கிட்டு வந்து பின் வளைஞ்சுடும். ஒரு 10 நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்குங்க, ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்குங்க, கூலரை இடமும் வலமும் மெதுவாத் திருகி அப்புறம் தூக்குங்க. இன்னொண்ணு, புது சிபியு போட்டு ஆன் பண்ணினதும் கறுப்புத் திரையில, புது சிபியு வந்திருக்கு, எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் பண்ணவா, ஒய்-யா என்-னான்னு கேட்கும். விண்டோஸ்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) ஆன்ல இருந்து, ரிக்கவரி கீ கையில இல்லாம ஒய் அழுத்தினீங்கன்னா உங்க டிஸ்க்கை நீங்களே திறக்க முடியாது. அதனால முந்தின நாளே பிட்லாக்கரை ஆஃப் பண்ணிடுங்க, கீயைப் பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. அந்தப் பேப்பரை போட்டோ எடுத்து அதே கம்ப்யூட்டர்ல சேமிச்சு வைக்கக் கூடாது, சரியா? அடுத்த கேள்விக்குப் போகலாம்.