காலி நாற்காலிக்கு ஒரு வக்கீல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புகளில் ஓங்கி நிற்பது நீதியா, நாடுகளின் செல்வாக்கா? நான் நீதியின் பக்கம்: அங்கே தீர்ப்பு சொல்கிறவர்கள் யாருக்கும் அடங்காமல் சுதந்திரமாகத்தான் சொல்கிறார்கள் என்கிறேன்.

எதிரணி நண்பர் கேட்டார்: "மேல்முறையீட்டு மன்றத்தில் ஏழு நாற்காலி, ஏழும் காலி. காலி நாற்காலிக்கு எதற்கய்யா சுதந்திரம்?" நீங்கள் கைதட்டினீர்கள். நல்ல வரி, நானும்தான் தட்டினேன். அதற்கு வருகிறேன். முதலில் ஒரு குதிரைக் கதை.

2003. ஆன்டிகுவா பார்புடா. ஒரு லட்சம் பேர்கூட இல்லாத தீவு நாடு. அது யார் மீது வழக்குப் போட்டது? அமெரிக்கா மீது! எங்கள் இன்டர்நெட் சூதாட்டத்தை உள்ளே விடமாட்டேன் என்கிறதே என்று. அமெரிக்கா சொன்ன பதில்: "அது எங்கள் பொது ஒழுக்கத்துக்குக் கேடு." அடடா, என்ன ஒழுக்கம்! நீதிபதிகள் அமெரிக்காவின் சட்டங்களையே புரட்டினார்கள். உள்ளே ஒரு குதிரை நிற்கிறது! மாநிலம் விட்டு மாநிலம் குதிரைப் பந்தயம் கட்ட ஒரு சட்டம். "இது உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் வழிவிடுகிற மாதிரி இருக்கிறதே, இல்லை என்று காட்டுங்கள்" என்றார்கள். காட்ட முடியவில்லை. தீவுக்காரன் நடத்தினால் ஒழுக்கக்கேடு, உள்ளூர்க் குதிரை ஓடினால் ஒழுக்கம் பத்திரம்! 2005-ல் வல்லரசு அந்தக் குதிரையிடம் இடறி விழுந்தது. நஷ்டஈடு வசூலானதா என்று கேட்காதீர்கள், அது எதிரணி பேசவேண்டிய பாயிண்ட்.

சரி, நாற்காலி. 2016-ல் அந்த மேல்முறையீட்டு மன்றத்தின் தென்கொரிய உறுப்பினர் ஒருவரின் மறுநியமனத்தை அமெரிக்கா தடுத்தது. லஞ்சமா? இல்லை. அவர் பங்கேற்ற தீர்ப்புகள் பிடிக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து புது நியமனத்துக்கும் முட்டுக்கட்டை. எல்லா நாடும் ஒத்துக்கொண்டால்தான் நியமனம் என்பது விதி. நண்பரே, தலையாட்டுகிறவருடைய நாற்காலியை எவனாவது பிடுங்குவானா? காய்த்த மரத்தில்தானே கல் விழும்!

2019 டிசம்பரில் மிச்சம் ஒரே ஒருவர். ஒரு வழக்கைக் கேட்க மூன்று பேர் வேண்டும். சீனாவைச் சேர்ந்த அந்த அம்மா கிட்டத்தட்ட ஒரு வருடம் தன்னந்தனியாக அந்தப் பதவியில் இருந்தார். 2020 நவம்பர் 30-ல் அவர் பதவிக்காலமும் முடிந்தது.

இன்றைக்கு அந்தத் தீவுக்காரன் மறுபடி வழக்குப் போட்டு, முதல் கட்டத்தில் ஜெயித்தே விட்டான் என்று வையுங்கள். தோற்ற பெரிய நாடு காலி நாற்காலிக்கு ஒரு மேல்முறையீட்டு மனுவைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும். கேட்க ஆளில்லை, தீர்ப்பு அப்படியே தொங்கும். அந்த அமைப்பு இருக்கிற ஜெனீவா ஏரிக்கரையில், ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாவப்பட்டவன் யார் வாசலில் போய் நிற்பான், ஐயா?