பரண் ஏறுன அட்டைப்பெட்டி

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற குடியிருப்போர் சங்கத் தலைவர் ஐயாவுக்கும், ஆயிரம் வேலைக்கு நடுவுல வந்திருக்குற கவுன்சிலர் அம்மாவுக்கும், மைக் செட்டை காசு வாங்காம குடுத்த தம்பிக்கும், போண்டா வந்துச்சான்னு திரும்பித் திரும்பிப் பாக்குற பெரியவங்களுக்கும் வணக்கம். செயலாளர் சாரை விட்டா கோச்சுக்குவாரு, அவருக்குத் தனி வணக்கம்.

ஆன்லைன் பார்சல் குப்பையைப் பத்தி மூணு விஷயம் பேசணும், அட்டை, பிளாஸ்டிக் கவர், சட்டம். அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்குன்னு சொல்லுவாங்க, நெல்லு அறுத்தா எதுவும் வீணாப் போகாது. பார்சல்ல நுனி மட்டும்தான் வீட்டுக்கு, மிச்சமெல்லாம் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குக்கு.

எங்க அத்தை ஒரு நகவெட்டி ஆர்டர் போட்டாங்க, குக்கர் வைக்கிற சைஸுல பெட்டி வருது, உள்ள காத்தடிச்ச பை, அதுக்குள்ள பபுள் ராப், அதுக்குள்ள இன்னொரு கவர், மாமா நகவெட்டியத் தேடியே களைச்சுட்டாரு. "பெட்டி கெட்டியா இருக்கு, எதுக்காவது ஆகும்"னு அத்தை பரண்ல ஏத்திட்டாங்க, இப்படியே வர்ற பெட்டியெல்லாம் மேல போக, போகிக்கு மொத நாள் பரணைத் தொறந்தா அத்தனையும் மாமா தலையில! அவரு கோவத்துல தெருவுல போட்டு கொளுத்தப் போனாரு, நல்லவேளை பழைய பேப்பர்காரர் வந்தாரு. அட்டையை எடை போட்டு எடுத்துகிட்டாரு, கவரை மட்டும் திருப்பிக் குடுத்துட்டாரு, "டேப்பு, லேபிளு, பசைன்னு ஒட்டிக் கெடக்கு, இதை எவனும் எடுக்க மாட்டான்மா"ன்னாரு.

அந்தக் கவருதான் கிடங்குல மலையா நிக்குது. 2022 ஏப்ரல்ல பெருங்குடி கிடங்கு பத்திகிட்டு நாள் கணக்குல புகைஞ்சுச்சே, அதே வருஷம்தான் அதை ஒட்டுன பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு அங்கீகாரம், கெடச்சுச்சு, என்ன பொருத்தம் பாருங்க. 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை பிளாஸ்டிக்குக்கு தமிழ்நாட்டுல தடை, நாம மஞ்சப்பை தூக்குனோம், கவர் வாசலுக்கே வந்துடுச்சு. பேக்கிங் பிளாஸ்டிக்குக்கு கம்பெனிங்கதான் பொறுப்புன்னு மத்திய அரசு 2022ல விதியை இறுக்குச்சு, அதை விவரமா அப்புறம் சொல்றேன்.

இப்ப அவசரம் வேற. அந்தப் பழைய பேப்பர் கடைய மார்க்கெட் ஓரத்துல இருந்து காலி பண்ணச் சொல்றாங்க, அசிங்கமா இருக்காம். அடி காட்டுக்கு நடு மாட்டுக்குன்னு பிரிச்சு அனுப்புற ஒரே ஆளு அவருதான், அவரு போயிட்டா அட்டையும் கெடங்குக்குத்தான் போகும். கவுன்சிலர் அம்மா மனசு வைக்கணும். வாசல்ல நோட்டு இருக்கு, கையெழுத்தோட கதவு எண்ணும் எழுதுங்க, பேனாவை நூல்ல கட்டியிருக்கு, அறுத்துட்டுப் போயிடாதீங்க.