ஒன்பதில் இறங்கி, ஐந்தில் ஏறி: மூப்படையும் சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகள்

(திரையில்: பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று, ஒவ்வொரு மாடியிலும் நீளத் தாழ்வாரம். பிறகு மின்தூக்கியின் பொத்தான் பலகை, மிக நெருக்கத்தில். 1, 5, 9.)

இந்தப் பலகையைக் கொஞ்சம் பாருங்கள். பன்னிரண்டு மாடிக் கட்டடம், பொத்தான் மூன்றே மூன்று. சிங்கப்பூரின் பழைய புளோக்குகள், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்கள், பலவற்றில் மின்தூக்கி இப்படித்தான் சில மாடிகளில் மட்டும் நின்றது.

சரி, ஏழாவது மாடியில் குடியிருப்பவர் என்ன செய்வார்? பழகியவர்கள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். வீடு திரும்பும்போது ஒன்பதுவரை போய் அங்கிருந்து இரண்டு மாடி நடந்து இறங்குவார்கள். வெளியே கிளம்பும்போது ஐந்துவரை இறங்கி மின்தூக்கியைப் பிடிப்பார்கள். வந்தாலும் போனாலும் இறக்கம்தான், ஏற்றமே கிடையாது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மூட்டுவலிக்காரரைக் கேட்டால் தெரியும்: முழங்காலைப் படுத்தி எடுப்பது ஏறுவதைவிட இறங்குவதுதான். சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டவருக்கு ஏற்றமாவது, இறக்கமாவது.

இந்த வீடுகளைக் கட்டியவர்களைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, தொடங்கியது 1960-இல். குடிசைகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் கிடந்த மக்களை அவசர அவசரமாகக் குடியமர்த்த வேண்டியிருந்தது. குடிவந்தவர்கள் இளம் தம்பதிகள், இடுப்பில் ஒரு குழந்தை. எல்லா மாடியிலும் நிற்காத மின்தூக்கி என்றால் செலவு மிச்சம். இரண்டு மாடி அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தத் தம்பதிகளுக்குத்தான் இப்போது எழுபது, எண்பது வயது. வீடு அதே வீடு.

(திரையில்: எளிய வரைபடம். 2014, 2024, 2030.)

கணக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 2014-இல் 12.4 சதவீதம். பத்தே வருடத்தில், 2024-இல், அது 19.9 ஆகிவிட்டது. 2030-இல் நாலில் ஒருவர். குழந்தை பிறப்போ பெண்ணுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. மொத்தக் குடியிருப்பாளர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். ஆகவே இங்கே முதுமையைப் பற்றிப் பேசினால் பேச்சு தானாக அந்தத் தாழ்வாரத்துக்கும் படிக்கட்டுக்கும் வந்து நிற்கும்.

2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கட்டடத்தின் வெளிப்புறத்திலேயே புதிய மின்தூக்கிக் கூண்டு எழுப்பி, எல்லா மாடிக்கும் கதவு வைக்கும் வேலை. இதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. ஒரு புளோக்கில் நூற்றுக்கு எழுபத்தைந்து வீடுகள் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும். குடியிருப்பவர்கள் கொடுக்க வேண்டியது வீட்டுக்கு அதிகபட்சம் 3,000 வெள்ளி. (வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர்.) இப்படி 5,000-க்கும் மேற்பட்ட புளோக்குகள் மாறின. சுமார் 150 புளோக்குகளில் கட்டட அமைப்பு இடம் கொடுக்கவில்லை, அல்லது செலவு கட்டுப்படியாகவில்லை. அங்கே நடக்க முடியாமல் போனவர்கள் வேறு வீட்டுக்கு மாற 2020-இல் தனி மானியம் அறிவித்தார்கள். கட்டடத்தை மாற்ற முடியவில்லை, ஆளை மாற்றுகிறோம் என்பதுதான் அதன் பொருள். நாற்பது வருடம் பழகிய அக்கம்பக்கத்தை எந்த மானியமும் ஈடுகட்டாது என்பது என் எண்ணம். ஆனால் வேறு என்ன வழி இருந்தது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

(திரையில்: குளியலறை வாசல். ஒரு கால் தயங்கி மேலெழுகிறது.)

இப்போது வீட்டுக்குள் வாருங்கள். குளியலறை வாசலில் சிறு மேடு தெரிகிறதா? தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டிய தடுப்பு. முப்பது வயதில் அது கண்ணிலேயே படாது. எழுபத்தைந்தில், ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், ஈரக் கல்லுக்கு முன்னால் அது ஒரு மலை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த எத்தனையோ பேரின் கதை இப்படி ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. 2012-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப் பூச்சு, வாசலுக்குச் சாய்தளம் எல்லாம் பொருத்தித் தருகிறார்கள். சின்ன வீடு என்றால் செலவில் 95 சதவீதத்தை அரசே ஏற்கிறது. 2024-இல் குளிக்கும்போது உட்கார மடக்கு இருக்கை போன்றவற்றையும் சேர்த்தார்கள். பெரிய கட்டடத் திட்டங்களைவிட இந்த ஒரு முழக் கம்பிமீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் பணம். வீட்டின் குத்தகை 99 வருடம். கையில் சேமிப்பு குறைவு, உட்கார்ந்திருக்கும் வீடோ லட்சக்கணக்கில் பெறும். இப்படி இருக்கும் முதியவர்கள் நிறைய. 2009-இல் வந்த ஏற்பாட்டின்படி, குத்தகையின் கடைசிப் பகுதியை வீவகவுக்கே விற்றுவிட்டு அதே வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். கிடைக்கும் தொகை மத்திய சேம நிதி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்குப் போய் மாதாமாதம் வருமானமாகத் திரும்பி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் “அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?” என்ற கேள்வி நம் வீடுகளில் எழாமல் இருக்குமா?

பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் 2015 முதல் ஒரு மானியம் உண்டு. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோரோடு சேர்ந்து இருந்தால் இப்போது 30,000 வெள்ளி. நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000. கூப்பிடு தூரம் என்பதற்கு அரசாங்கமே அளவு போட்டுவிட்டது.

(திரையில்: அட்மிரல்டி எம்ஆர்டி ரயில் நிலையம், அருகிலேயே மரங்கள் அடர்ந்த மொட்டைமாடி.)

இது கம்போங் அட்மிரல்டி, 2018-இல் திறந்தது. உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்று பெயர் வாங்கியது. இங்கே முதியவர்களுக்கு 104 சிறு வீடுகள். கீழே திறந்த முற்றம், அதற்கு மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், அதற்கும் மேலே முதியோர் நடவடிக்கை மையமும் குழந்தைகள் பராமரிப்பு நிலையமும் அருகருகே. உச்சியில் காய்கறித் தோட்டம். சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டு அப்படியே காப்பி குடிக்க இறங்கலாம். சர்க்கரை போடாத காப்பி என்று வைத்துக்கொள்வோம்.

2021-இல் புக்கிட் பாத்தோக்கில் இன்னொரு வகை அறிமுகமானது: சமூகப் பராமரிப்பு வீடுகள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, 32 சதுர மீட்டர். வீட்டோடு சேவையும் கட்டாயமாக வாங்க வேண்டும். அவசர அழைப்புக்கு 24 மணி நேரக் கண்காணிப்பு, அடிப்படை உடல் பரிசோதனை, குழாய் ஒழுகினால் பார்க்க ஆள். முதியோர் இல்லத்துக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவே ஓர் இடம் அது. சாவி அவரவர் கையிலேயே இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கட்டுமானத்தில் அடங்காது. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. இனங்கள் தனித்தனிப் பேட்டையாகப் பிரியாமல் கலந்து வாழ அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் இந்தியர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ் மட்டுமே சரளமாக வரும் ஒரு பாட்டிக்கு மின்தூக்கி வாசலுக்கே வந்துவிட்டது, சாய்தளமும் இருக்கிறது. கீழ்த்தளத்து முதியோர் மையத்துக்கு இறங்கினால் மேசையைச் சுற்றி எல்லாரும் மாண்டரினில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிரித்துத் தலையாட்டலாம். எவ்வளவு நேரம்?

அதனால் அவர் பஸ் ஏறி, லிட்டில் இந்தியாவில் தமிழ் காதில் விழும் தேக்கா சந்தைக்குப் போகிறார், கறிவேப்பிலை வாங்க. கறிவேப்பிலை பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும், அது அவருக்கும் தெரியும்.

(திரையில்: சாலையோரக் கம்பம். சுருக்கம் விழுந்த கை ஒன்று அதில் அட்டையைத் தொடுகிறது.)

பஸ் நிறுத்தம் சாலைக்கு அந்தப் பக்கம். 2009 முதல் இந்த வசதி இருக்கிறது: மூத்தோர் அட்டையைக் கம்பத்தில் வைத்தால் சாலையைக் கடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாக நிற்கும். பாட்டி அட்டையை வைக்கிறார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, அவசரப்படாமல் இறங்கி நடக்கிறார்.