தெரியாமல் இல்லை, போக வழியில்லை

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் மக்களே, வணக்கம்.

பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அக்கா, ஆபீஸ் வாசலில் காவல் நிற்கும் ஜாகா அண்ணன் போன்ற குத்தகை நிறுவனத் தொழிலாளர்கள் நோய் வருமுன் உடம்பைப் பரிசோதித்துக்கொள்வதில்லை. காரணம் விழிப்புணர்வு இல்லாததா, வாய்ப்பு இல்லாததா? வாய்ப்பு இல்லாததுதான் என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் 2019 மலேசிய தேசிய சுகாதார ஆய்வை எடுத்துக் காட்டினார். பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்றார். கணக்கு சரி. ஆனால் ரத்தம் எடுத்துப் பார்க்காமல் யாருக்கு ஐயா தெரியும்? அந்த நோய் என்ன செய்யும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். கால் விரல் எடுத்த பெரியப்பாவோ, டயாலிசிஸுக்குப் போகிற அத்தையோ இல்லாத தோட்டத்துக் குடும்பம் எது?

2013 முதல் தொழிலாளர் சமூகக் காப்பு நிறுவனமான சொக்சோ, 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்கு இலவசப் பரிசோதனை தருகிறது. 2019-இல் குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனைத் திட்டம் வந்தது. அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். எல்லாம் உண்மை, இவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் போய்வர ஆகும் செலவை எதிரணி எண்ணவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிக்கு மேல். வேலைச் சட்டம் நோயாளிக்கு எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுக்கிறது. நோய் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவருக்கு எந்த விடுப்பு? சம்பளத்தில் பிடித்தால் வீட்டில் அரிசி குறையும்.

அப்புறம் அந்த ஜாகா அண்ணனைப் பாருங்கள். இரவு 7 மணிக்கு வேலைக்கு ஏறி காலை 7 மணிக்கு இறங்குகிறார். வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை பார்க்க 8 மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். விடிய விடிய கண் விழிக்க அவருக்குத் துணை சீனி போட்ட கோப்பியும் நாலு பிஸ்கட்டும். வேலை முடிந்து கிளினிக் வாசலுக்குப் போனால், "சாப்பிட்டுவிட்டீர்களே, இன்னொரு நாள் வாருங்கள்" என்பார்கள். அந்த இன்னொரு நாளும் இரவு வேலைதானே? பள்ளிக்கூடத்து அக்காவோ காலையில் வெறும் வயிற்றோடு வாளி தூக்கிக் கழிவறை கழுவிவிட்டு, மேற்பார்வையாளரிடம் அனுமதிக்கு நிற்க வேண்டும். குத்தகை கைமாறுகிற நேரம் என்றால் அந்த அனுமதியைக் கேட்கவே பயப்படுவார்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் மலேரியாவுக்கு கொயினா மருந்தை, காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்திலேயே கொடுத்தார்கள். கசந்தாலும் வரிசையில் நின்று குடித்தார்கள். அவர்களுக்கு யார் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள்? வேலை நடக்கும் இடத்துக்கே மருந்து வந்தது, அவ்வளவுதான்.

எதிரணிக்கு ஒரே வேண்டுகோள். இந்த ஊரில் ஒரு குத்தகை முதலாளி, தன் ஆட்களுக்கு ஆண்டில் ஒரே ஒரு காலைப் பொழுதைச் சம்பளம் பிடிக்காமல் கொடுக்கட்டும். முதல் நாள் இரவு வேலையும் வேண்டாம். அப்போதும் அவர்கள் கிளினிக்குக்குப் போகவில்லை என்றால், நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.